ஏழு நாள் நெய்

குடலை யாரோ ஈரத்துணி போலப் பிழிகிறார்கள். காலையில் விழுங்கிய பேதி லேகியத்துக்குப் பதினான்காவது முறையாக உட்கார்ந்து எழுந்த மூட்டைதூக்கி, சுவரைப் பிடித்தபடி நிற்கிறான். ஏழு நாள் குடித்த மருந்து நெய் ஏப்பமாகத் தொண்டையில் ஏறிக் குமட்டுகிறது. வைத்தியசாலைப் பணிப்பெண் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலிக்கு அடியிலிருந்து வாளியை இழுத்து, உள்ளே டார்ச் அடிக்கிறாள். மஞ்சள் தண்ணீரில் நுரை மிதக்கிறது. விளிம்பில் ஒரு ஈ காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. தன் வயிற்றிலிருந்து வந்ததை இன்னொருத்தி குனிந்து பார்ப்பதில் அவனுக்கு உடம்பே கூசுகிறது.

“பாக்காதம்மா, அப்படியே ஊத்திடு.”

“எனக்கு மட்டும் ஆசையாண்ணே? இன்னும் பித்தந்தான் போவுது. கடைசியா சளி வரணும், அப்பத்தான் வயிறு சுத்தமாச்சுன்னு அர்த்தம். வரலேன்னா மறுபடியும் ஏழு நாள் நெய்தான்.”

வெந்நீர் டம்ளரை நீட்டுகிறாள். வைத்தியர் கேட்டது பதினெட்டு முறை. இன்னும் நான்கு பாக்கி.