தாய்மாமன் மடி

யார் எந்த வழியில் வந்தவர், யாருக்கு என்ன உறவு என்று சொல்லும் அரசாங்க வம்சாவளி அறிக்கை எல்லா வீட்டுக்கும் வந்து நாலு வருஷமாகிவிட்டது. குமுதவல்லி தன்னுடையதைப் பிரித்தது போன வாரம்தான். மகளுக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். அவளுக்கோ கூடப்பிறந்தவன் இல்லை.

அறிக்கையின்படி, 1838-இல் அவளுடைய முன்னோரான மிராசுதார், காத்தாயி என்ற பண்ணையடிமையை நிலத்தோடு சேர்த்து விற்றிருந்தார். அப்போது அவள் வயிற்றில் இருந்தது அவருடைய பிள்ளை. அந்த வழியில் வந்தவர்தான் மன்னார்குடியில் பேருந்து ஓட்டும் அஞ்சப்பன். குமுதவல்லிக்கு அண்ணன் முறை.

அவர் வீட்டைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"அறிக்கை எனக்கும்தான் வந்துச்சு," என்றார் அஞ்சப்பன், அவளை உட்காரச் சொல்லாமல். "நாலு வருஷமா யாராச்சும் வருவீங்களான்னு பாத்தேன். மடி தேவப்பட்டாத்தான் அண்ணன் ஞாபகம் வருமோ?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஆமாண்ணே."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "நான் தனியா வரமாட்டேன். எங்க சனம் நாப்பது பேரு வருவோம். உங்க ஆளுங்களோட ஒரே பந்தியில எல போடணும்."

"மொதப் பந்தியிலயே போடுறேண்ணே."

"உங்கப்பா எந்திரிச்சுப் போயிட்டாருன்னா?"

"அவரு எடத்துல நான் உக்காந்துக்கிறேன், உங்க பக்கத்துல."

அஞ்சப்பன் சிரித்துவிட்டார்.

"சரி, மாமன் சீர் எடுக்கணும்ல? பாப்பாவுக்குச் சட்ட என்ன அளவு?"