செண்பகம் நின்ற படி

இதை எனக்கு முதலில் சொன்னது என் ஓரகத்தி கோமளவல்லி, போன நவராத்திரியில்.

ஒரு வீட்டுக் கொலுவில் ஒரே ஒரு இடம் காலி. விழுகிறவர்களைப் பறந்து வந்து தாங்கும் வீராங்கனை சூறாவளிச் செண்பகம், அந்த இடத்துக்கு மூன்று பேராக வந்து நின்றாள்: படக்கதைப் புத்தகம், சினிமா போஸ்டர், பிளாஸ்டிக் பொம்மை.

“நான்தான்டி மூத்தவள், இடம் எனக்கு” என்றது புத்தகம்.

“அட்டையே கிழிஞ்சாச்சு, ஆசையைப் பாரு!” என்றது போஸ்டர்.

“நீ மட்டும்? சுவர் இல்லாட்டி நிற்கவே வராது” என்றது பொம்மை.

வீட்டுக்கார அம்மா பொம்மைக்குப் பட்டுப்பாவாடை கட்டி, பொட்டு வைத்துப் படியில் நிறுத்தினாள். அது ஆடியது. புத்தகத்தை மடித்து அதன் காலடியில் செருகினாள். புத்தகம் நழுவி வெளியே வரப் பார்த்தது.

“அக்கா, நகர்ந்துடாதே. விழுந்துடுவேன்” என்றது பொம்மை மெதுவாக.

“நில்லுடி. நான் இருக்கேன்” என்றது புத்தகம்.

சுண்டலுக்குப் போகிறவர்கள் அந்தப் பொம்மையைத் தூக்கிப் பார்க்காதீர்கள், அம்மா.