ஓடைக்கரைப் போரில் தோற்றவர்கள்

கைக்கணினியில் வந்த புதிய பாடப்புத்தகம் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் குடும்பத்தின் மனம் நோகாதபடி தனித்தனி வரலாறு காட்டியது. அதனால் ஓடைக்கரைப் போரில் வென்றது தத்தம் முன்னோர்தான் என்று ஏழாம் வகுப்பில் அன்று வந்திருந்த முப்பத்தொரு பேரும் எழுதித் தள்ளியிருந்தார்கள். எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டே சலித்துப்போன கற்பகவல்லி டீச்சர், விடைத்தாள்களை மேசைமேல் பொத்தென்று போட்டார்.

"அத்தனை பேரும் ஜெயிச்சா, தோத்தது யாரு?"

நிரஞ்சனா பக்கத்துக் காலியிடத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"இன்னைக்கு வராதவங்க, டீச்சர்!"

டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் மணியடிக்கும் முன்பே, காய்ச்சலில் கண் சிவந்து, கம்பளியைச் சுற்றிக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றாள், முந்தின நாள் வராத துளசிமணி.

"எங்க ஆளுங்க தோக்கலை டீச்சர். முதல்ல அட்டெண்டன்ஸ் போடுங்க."