ஒரே ஒரு கடி

பை கனமாக இருந்தது. மழலைப் பள்ளி வாசலில் ரித்சுவின் முதுகிலிருந்து அதைக் கழற்றும்போதே கெய்ஜிக்குத் தெரிந்துவிட்டது, பையன் இன்றைக்கும் சாப்பிடவில்லை.

நாகாய் டீச்சர் குனிந்து வணங்கினார். "மத்த பிள்ளைங்க எல்லாம் சாப்பிட்டு விளையாடப் போயிட்டாங்க. இவன் மட்டும் பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்தே இருந்தான். நாங்க கட்டாயப்படுத்தலைங்க."

"உங்களுக்குத்தான் சிரமம்" என்று கெய்ஜி அவரைவிடத் தாழக் குனிந்தான்.

வீட்டில் மசாயோ காத்திருந்தாள். அவனுடைய இறந்துபோன மனைவி கனாயேவின் அக்கா, நீகாட்டாவிலிருந்து வந்திருந்தாள். கெய்ஜி காலணியைக் கழற்றுவதற்குள் பெட்டியை வாங்கித் திறந்துவிட்டாள்.

சோற்று உருண்டையில் ஒரு கடி. சால்மன் துண்டில் ஒரு கடி. சுருட்டிய ஆம்லெட்டில் ஒரு கடி. எலி கொறித்த மாதிரி எல்லாவற்றின் ஓரத்திலும் குட்டிப் பல் தடம். அவ்வளவுதான்.

"ருசி பார்த்திருக்கான், பிடிக்கலை, வச்சுட்டான்" என்றாள் மசாயோ. "கோவிச்சுக்காதீங்க கெய்ஜி. ரயில்வே சிக்னலை ரிப்பேர் பண்ற கை அது. அடுப்பைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?"

கனாயேவின் காரியங்கள் முடிந்த வாரமே கெய்ஜி சமையல் பழக ஆரம்பித்திருந்தான். லீவு நாளில் கீரையை வேகவைத்துப் பிழிந்து, குட்டிக் காகிதக் கிண்ணங்களில் உறையவைத்துவிடுவான். காலையில் அப்படியே எடுத்துப் பெட்டியில் வைத்தால் சாப்பாட்டு நேரத்துக்கு இளகியிருக்கும். பக்கத்திலிருக்கும் மீனும் கெடாது. சோற்றை விசிறியால் ஆறவைத்த பிறகுதான் மூடி போடுவான். எவ்வளவு அவசரத்திலும் எல்லாவற்றையும் பையனின் வாய்க்கு அடங்கும் அளவில் நறுக்கினான்.

கனாயே இதில் பாதிகூடச் செய்ததில்லை. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வந்து அரைத்தூக்கத்தில் வாணலியைப் பிடிப்பாள். ஆம்லெட் ஒரு பக்கம் தீய்ந்திருக்கும், சோறு பெட்டியிலேயே வியர்த்திருக்கும். ஆனால் அந்தப் பெட்டி தினமும் துடைத்துவைத்த மாதிரி காலியாகத் திரும்பும். அம்மாவின் கை அம்மாவின் கைதான் என்று கெய்ஜி நினைத்துக்கொண்டான்.

முற்றத்து அறையில் எதையோ இழுக்கும் சத்தம். ரித்சு முக்காலியை நகர்த்தி, அதன்மேல் ஏறி, அம்மாவின் படத்தை வைத்துக் கும்பிடும் மாடத்தின் கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்தான்.

"டேய், பகல்ல மாடத்தை மூடுவாங்களா?" மசாயோ போய்த் திறந்துவிட்டாள். "நேத்தும் இதையேதான் பண்ணினான். என்ன பழக்கம் இது?"

அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பையனுக்குத் தாங்கவில்லை போலும். கெய்ஜி அப்படித்தான் நினைத்தான்.

அந்த வீட்டில் எது சமைத்தாலும் முதல் பங்கு மாடத்துக்கு. இன்று காலையும் ஆம்லெட்டில் ஒரு துண்டைப் படத்தின் முன்னால் வைத்து, மணியைத் தட்டிக் கைகூப்பியிருந்தார்கள். "பாரு, அம்மா ருசி பார்த்துட்டா" என்று மசாயோ வழக்கம்போலப் பையனிடம் சொல்லியிருந்தாள். "நீ பேசறதெல்லாம் அவளுக்குக் கேட்கும். ஒழுங்கா சாப்பிடு, அம்மாவை அழவிடாதே."

பிறகு கெய்ஜியிடம் திரும்பி, "இன்னைக்கும் பெட்டி நிறைஞ்சு வந்தா, நாளைக்கு இவன் என்கூட ஊருக்கு வரான். இப்பவே சொல்லிட்டேன்" என்றிருந்தாள். கெய்ஜியும் தலையாட்டியிருந்தான்.

இப்போது அவள் பையனின் சட்டைகளை மடிக்க மாடிக்குப் போனாள். "கன்னம் ஒட்டிப்போச்சு கெய்ஜி. உங்களைக் குத்திக்காட்டச் சொல்லலை. இவன் என் தங்கச்சி பிள்ளை" என்று படியில் நின்று சொன்னபோது அவள் குரல் உடைந்தது.

கெய்ஜி பெட்டியோடு போய் ரித்சுவின் எதிரே மண்டியிட்டான்.

"அப்பாவுக்கு அம்மா மாதிரி செய்ய வரலை, தெரியும். எப்படி இருக்கணும்னு சொல்லுடா, கத்துக்கறேன். இனிப்பு பத்தலையா?"

பையன் தலையை ஆட்டினான். இல்லை.

"மீன்ல உப்பு ஜாஸ்தியா?"

அதுவும் இல்லை.

"பின்ன என்னடா? பெரியம்மா துணியெல்லாம் எடுத்து வைக்கிறாங்க. அப்பாவை விட்டுட்டுப் போயிடறியா?"

ரித்சுவின் உதடு பிதுங்கியது. பாய்ந்து கெய்ஜியின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், மாடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று மூடிக்கொண்டான்.

சட்டையை விட்டுவிட்டுப் போய் முக்காலியில் ஏறினான். ஒரு கதவைச் சாத்தினான், பிறகு இன்னொன்றை. இடுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். அப்பாவின் காதருகே இரண்டு கைகளையும் குவித்து, மூச்சுக்காற்றுபோல் சொன்னான்:

"அம்மாகிட்ட சொல்லிடாதப்பா... அவங்களோடதைவிட உன்னோடதுதான் நல்லாருக்கு."