பதினொரு நாட்டுச் சேறு

"இவ்வளவு வெளுப்பா ஊர்ல போய் இறங்கினா, உங்க வீட்டு நாய்கூட நம்பாது தம்பி!"

சலவையம்மா அவனுடைய முதுகுப் பையைத் தூக்கி மேசைமேல் போட்டாள். பையின் உள்வாரில் கடைக்காரன் கட்டிய சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

பயணிகள் விடுதியின் பின்பக்கத்துச் சலவை அறை அது. மூலையில் இரண்டு இயந்திரங்கள் உறுமின. கொடியில் யார் யாருடையதோ காலுறைகள் சொட்டின. அவன் வழக்கம்போலப் படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டான். அவள் மற்ற இரண்டைப் பிடித்தாள். ஒரு வருஷமாக அவர்கள் சேர்ந்துதான் மடிக்கிறார்கள்.

"ஒரு மணிக்கு பஸ் இருக்கும்மா. நாளைக்கு ஊர்ல வரவேற்பு. மேடை, மைக் எல்லாம் தயார். 'கண்டத்தை நடந்தே கடந்த சிங்கக்குட்டியே வருக'ன்னு அப்பா பேனர் அடிச்சிருக்காராம்."

"சிங்கக்குட்டி இந்த விடுதி வாசலைத் தாண்டுச்சா?"

"ரெண்டு தடவை. மருந்துக்கடைக்கு."

அவன் அப்பா அந்தக் காலத்திலேயே தோளில் ஒரு பையோடு பதினொரு நாடுகளை நடந்து கடந்தவர். அதைப் புத்தகமாகவும் எழுதியவர். அன்றிலிருந்து எந்தப் பேச்சையும் "நான் பனிமலையில் நின்றபோது" என்றுதான் தொடங்குவார். கத்தரிக்காய் வாங்குகிற பேச்சாக இருந்தாலும் சரி. மகன் படிப்பை முடித்ததும், கையில் புத்தகத்தையும் முதுகில் பையையும் கொடுத்து வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

"நான் போன அதே வழி. முடிச்சுட்டு வந்தா நீ என் பிள்ளை. நடுவுல திரும்பினா இந்தப் படி ஏறாதே. செல்போனை இங்கேயே வை. போட்டோ எடுக்கவா போறே? அதுக்குப் பேர் பயணம் இல்லே, பிக்னிக்."

புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இந்த விடுதி இருந்தது. 'இங்கே ஓர் இரவு தங்கினேன். விடியலில் மலை என்னை அழைத்தது.'

மலை மகனையும் அழைத்தது. அவனுக்கு அன்றைக்கென்று பேதி. வயிறு மூன்றாம் நாளே சரியாகிவிட்டது. பயம்தான் சரியாகவில்லை.

"கடுதாசியெல்லாம் ஒழுங்காப் போய்ச் சேர்ந்துதா?" என்றாள் சலவையம்மா.

"சேர்ந்துதும்மா. அந்தந்த நாட்டுக்குப் போறவங்ககிட்ட குடுத்து, அங்கேயே தபால்ல போடச் சொன்னேன். கரடி துரத்தினது, ஆத்துல பை அடிச்சுட்டுப் போனது, எல்லாம் இந்தக் கொடிக்குக் கீழே உட்கார்ந்து அவங்ககிட்ட கேட்டு எழுதினதுதானே. நேத்து ஆபீஸ் போன்ல கூப்பிட்டேன். அப்பா அழுதுட்டாரு. 'எழுத்துக்கு எழுத்து நான் பட்டதெல்லாம் நீயும் பட்டிருக்கேடா'ன்னு."

"ஐயோ பாவம்."

அவன் விரிப்பை மடிப்பதை நிறுத்தினான். "பேசாம உண்மையைச் சொல்லிடலாமான்னு இருக்கும்மா."

"சொல்லேன்."

"அப்புறம் என் முகத்துலயே முழிக்கமாட்டாரு. பொய் சொன்னதைக்கூட மன்னிச்சிடுவாரு. பயந்ததை மன்னிக்க மாட்டாரு. பயம்னா என்னன்னே தெரியாத மனுஷன்." குரல் உடைந்தது. மூக்கைத் துடைக்க விரிப்பின் நுனியை எடுத்தான்.

"டேய், டேய்! அது பதினாலாம் நம்பர் ரூமுக்குப் போற விரிப்பு!" அவள் பிடுங்கிக்கொண்டு பழந்துணி ஒன்றைக் கொடுத்தாள். "அழுது முடிச்சியா? உன் பேண்ட்டை எடு. நேரமாகுது."

அவள் வேலையைத் தொடங்கினாள். பையின் தோள்வாரைத் துவைகல்லில் தேய்த்து நூலைப் பிரித்தாள். "நடந்தவன் பை தோள்ல நையும், உட்கார்ந்தவன் பை அடியில நையும். அதான் முதல்ல தோள்." பிறகு ஒரு கிண்ணத்தில் செங்கல் தூளையும் தேயிலைச் சக்கையையும் போட்டு, மேலே கஞ்சி ஊற்றிக் குழைத்தாள்.

"வெறும் சேறு காஞ்சா உதிர்ந்துடும். கஞ்சியோட பூசி, சூடா இஸ்திரி போட்டா ஜென்மத்துக்கும் போகாது. வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானா கண்டுபிடிச்ச பக்குவம். எங்கே வைக்கணும், சொல்லு."

அவன் புத்தகத்தை எடுத்து அட்டையைக் காட்டினான். அட்டையில் மீசை முளைக்கத் தொடங்கிய ஒரு வாலிபர், மலையைப் பார்த்து மார்பை நிமிர்த்தி நின்றார். இடது முழங்காலில் உள்ளங்கை அகலத்துக்குச் சேறு.

"அப்பா அந்த வயசுல இப்படி இருந்தாரு. இந்தப் பேண்ட்டை வீட்டுக் கூடத்துல கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காரும்மா. வர்றவங்களையெல்லாம் நிக்க வச்சுக் காட்டுவாரு. முப்பது வருஷமாச்சு, சேறு அப்படியே இருக்கு. 'பதினொரு நாட்டு மண்ணு, ஒட்டினா ஒட்டினதுதான்'னு சொல்வாரு. எனக்கும் இதே மாதிரி, இதே இடத்துல..."

சலவையம்மா கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினாள். அட்டையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். தோள்கள் குலுங்கின. சிரித்துச் சிரித்து, அழுக்கு மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா?" என்றான் அவன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவனுடைய பேண்ட்டை மேசைமேல் விரித்து, கிண்ணத்தில் விரலைத் தோய்த்தாள்.

"உனக்கு வலது முழங்கால்ல வைக்கிறேன் தம்பி. இடது, உங்கப்பாவுக்கு வச்சது."