குட்டைக்கால் தட்டு

“இதுதான் நல்லா இருக்கு,” என்று இடப்பக்கக் கோப்பையைத் தட்டிக் காட்டினாள் கிளெனிஸ். “அதுவும் மோசமில்ல. ஆனா, இதுதான்.”

மர்ரே தலையாட்டினான். இடப்பக்கம் இருந்தது நேற்றுக் காய்ச்சிய பார்லிச் சாறு, வலப்பக்கம் இன்று காய்ச்சியது. எது எந்தத் தட்டில் வெந்தது என்று அவளிடம் அவன் சொல்லவில்லை. தீர்ப்பு நியாயமாக இருக்க வேண்டுமே!

அவர்கள் வீட்டில் பீர் காய்ச்சும் மின்பானையில் சூட்டுக்கம்பி அடியிலேயே கிடக்கும். பார்லிப் பை அதன்மேல் உட்கார்ந்தால் கருகிவிடும். அதனால் இரண்டுக்கும் நடுவே கால் வைத்த துளைத்தட்டு ஒன்று வேண்டும். பழையது கால் ஒடிந்து போனதும், கடைக்கார ஸ்டாவ்ரோஸ் இரண்டு தட்டுகளைக் கொடுத்து அனுப்பியிருந்தான்.

“குட்டைக்கால் தட்டு சாறை வீணாக்காது. நெட்டைக்கால்ல, அடியில கொஞ்சம் சும்மா தேங்கி நிக்கும். ரெண்டுலயும் காய்ச்சிப் பாரு தலைவா. உன் நாக்கு எதைச் சொல்லுதோ அதை வச்சுக்கோ, இன்னொண்ணைத் திங்கக்கிழமை கொண்டாந்துடு.”

அந்த நாக்குதான் அவனிடம் இல்லை. குளிர்காலத் தொடக்கத்தில் புருஷன் பெண்டாட்டி இருவரையும் படுக்கையில் தள்ளிய ஜுரம், போகும்போது மர்ரேயின் நாக்கையும் மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. அவனுக்கு இப்போது தேனும் ஒன்றுதான், வெந்நீரும் ஒன்றுதான்.

அதை அவன் கிளெனிஸிடம் சொல்லவே இல்லை. சொன்னால், “அப்போ பானையை வித்துடு” என்பாள். சாயங்காலம் ஒரு பாட்டிலைத் திறந்து, எதிரெதிரே உட்கார்ந்து பேசும் கொஞ்ச நேரமும் அதோடு போய்விடும். அது போனால், அந்த வீட்டில் பேச்சு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே அவள் நாக்கை நம்பியே காய்ச்சிக்கொண்டிருந்தான். அவள் ‘நல்லாயிருக்கு’ என்றால் நல்லாயிருந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி ஸ்டூ. “உப்பு சரியா இருக்கா?” என்று கேட்டாள். கொஞ்ச நாளாகத் தினமும் கேட்கிறாள்.

“கச்சிதம்,” என்றான் மர்ரே. அவனும் தினமும் அதைத்தான் சொல்கிறான். வாயில் போனது கறியா, கிழங்கா என்று பல்லை வைத்துத்தான் கண்டுபிடித்தான்.

சாப்பிட்டு முடித்துக் கராஜுக்குப் போனான். ஊறப் போட்டிருந்த தட்டுகளையும் பைகளையும் கழுவ எடுத்தவன் அப்படியே நின்றான். குட்டைக்கால் தட்டு ஈரப் பார்லியின் கனம் தாங்காமல் நடுவில் குழிந்திருந்தது. அதன்மேல் கிடந்த பையில், சூட்டுக்கம்பியின் வளைவுப்படியே, கறுகறுவென்று ஓர் ஓட்டை.

அந்தப் பையில் வெந்த சாறுதான் இடப்பக்கக் கோப்பை. கிளெனிஸ் ‘நல்லா இருக்கு’ என்று சொன்னதும் அதைத்தான்.

நேற்று அது கருகிக்கொண்டிருந்தபோது, டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவளும் இங்கேயேதான் நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவன் காய்ச்சுவது எக்கேடு கெட்டால் நமக்கென்ன என்ற நிலைக்கு வந்துவிட்டாள் போலிருக்கிறது. மர்ரேக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதுகூட வரவில்லை.

பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தான். கிளெனிஸ் மிச்ச ஸ்டூவை டப்பாவில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

“இதைப் பாரு. நீ நல்லா இருக்குன்னு சொன்னியே, அது இதுல வெந்தது.”

அவள் ஓட்டையைப் பார்த்தாள்.

“பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லு கிளெனிஸ். எதுக்கு என்னைக் குழந்தைப்பிள்ளை மாதிரி ஏமாத்துற? இவ்வளவு கருகியிருக்கு, உனக்கு வாடைகூடத் தெரியலையா?”

“நீதானே நாள் பூரா பானை பக்கத்துல நின்ன? உனக்குத் தெரியலையா?”

அவன் பையைத் தொட்டிக்குள் போட்டான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“தெரியல. அந்த ஜுரத்துக்கு அப்புறம் எனக்கு எதுவுமே தெரியல. நாக்கு, மூக்கு ரெண்டும் செத்துப்போச்சு. நீ சொல்றதை வச்சுத்தான் இத்தனை நாளா காய்ச்சுறேன். இப்போ சொல்லு, பானையை வித்துடலாமா?”

கிளெனிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். கையிலிருந்த ஸ்டூ டப்பாவையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அடப்பாவி, நீ சொல்றதை வச்சுத்தானே நான் உப்பே போடுறேன்!”