அக்கா தங்கச்சித் தீவு

“இது ஆமைத் தீவு. இது அக்கா தங்கச்சித் தீவு, உம்மா.”

மர்யம் செல்போனில் படங்களைத் தள்ளத் தள்ள, ஆஸியா பீவிக்கு வாயெல்லாம் பல். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து மருமகன் இக்பால் மகளைச் சிங்கப்பூருக்கு அழைத்து, ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பியிருக்கிறார். தினமும் துறைமுகத்தில் படகேறித் தீவு தீவாகக் காட்டியிருக்கிறார். காரைக்காலில் எந்த மாப்பிள்ளை இப்படிச் செய்கிறார்?

“அதென்ன புள்ள பேரு, அக்கா தங்கச்சின்னு?”

“பக்கத்துப் பக்கத்துல ரெண்டு குட்டித் தீவு உம்மா. அதான்.”

“நீயும் ஹஃபீஸாவும் மாதிரி!” ஆஸியா பீவி சிரித்தார். “ஆமா, பின்னாடி உசரஉசரமா கட்டடம் தெரியுதே, அதுல மாப்பிள்ளை வீடு எது?”

“அது அங்கேர்ந்து தெரியாது.”

நாளைக்கு ஹஃபீஸாவை நிச்சயம் பண்ண வருகிறார்கள். மாப்பிள்ளை, இக்பாலின் தம்பி தௌஹீத். அவனுக்கும் சிங்கப்பூரில்தான் வேலை, அண்ணனோடுதான் ஜாகை. மர்யம் அந்த வீட்டை நேரில் பார்த்துவிட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தார்கள். வந்து இறங்கியதிலிருந்து அவள் அந்த ஒரு வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் சொல்லிவிட்டாள்.

பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்த ஹஃபீஸா ஒரு பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள். “என்னக்கா, மீன் மசாலாவப் பிரிக்கவே இல்லியா?”

ஆஸியா பீவி மூன்று நாள் வெயிலில் காயவைத்து, மில்லில் நின்று அரைத்துக் கொடுத்த குழம்புப் பொடி. கட்டிய நூல் கட்டியபடியே இருந்தது.

“சுத்துறதுக்கே நேரம் பத்தல” என்றாள் மர்யம்.

“கெடக்கட்டும் விடு. தௌஹீது போன்ல சொன்னானே, அண்ணன் வீட்டு மீன் ஆணம் மாதிரி நம்ம ஊர்லயே சாப்பிட்டதில்லன்னு. இங்க ஒரு டீ போடத் தெரியாத மனுஷன், அங்க போய் எப்படிக் கத்துக்கிட்டாரு பாரேன்!” ஆஸியா பீவி மகளின் தோளைத் தட்டினார். “சரி, நீ வாயத் தொறந்து சொல்லு. ஹஃபீஸாவ அந்த வீட்டுக்கு அனுப்பலாமா?”

ஹஃபீஸா பொட்டலத்தோடு அப்படியே நின்றாள். தங்கையின் முகத்தைப் பார்த்த மர்யம் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். தன் மானத்தைக் காப்பாற்ற இனியும் பேசாமலிருந்தால், அதைவிடப் பெரிய பாவம் இல்லை.

“அந்த வீட்டை நான் பாக்கவே இல்ல உம்மா. ஓட்டல்ல ரூம் போட்டு வச்சிருந்தாரு. தெரிஞ்சவங்க கண்ணுல படக் கூடாதுன்னுதான் தீவு தீவா இழுத்துக்கிட்டு அலைஞ்சாரு.”

“என்ன புள்ள சொல்றே? எதுக்கு?”

“அங்க மீன் ஆணம் ஆக்குறது அவரில்ல உம்மா.”